பூட் முடியும் நேரத்தில் உறைந்த போர்டு

எங்கள் லேபின் மூலையில் ஓர் இரும்பு ரேக் நின்றது. அதில் லினக்ஸ் ஓடும் பன்னிரண்டு சர்க்யூட் போர்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே. ரிலே கரண்ட் கொடுக்கும். போர்டு பூட் ஆகி லாகின் வரை வந்ததா என்று ஒரு ஸ்கிரிப்ட் சீரியல் கேபிளில் காத்திருந்து பார்க்கும். வந்துவிட்டால் கரண்டைப் பிடுங்கி மறுபடி கொடுக்கும். ராத்திரி முழுக்க இதே பிழைப்பு. லாகின் வராத போர்டை மட்டும் தொடாமல் விட்டுவிடும், காலையில் யாராவது வந்து பார்க்கட்டும் என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை, டெஸ்டிங்கில் இருந்த தம்பி வந்து நின்றான்.

"அண்ணா, ஏழாம் நம்பர் போயிடுச்சு."

"செத்துப்போச்சா, தொங்குதா?"

"லைட் எரியுதுண்ணா. ஆனா லாகின் வரல."

லைட் எரிந்ததோடு சிமிட்டவும் செய்தது. கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையக் கோடு, உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காக நாங்கள் வைத்திருந்த ஹார்ட்பீட் எல்.இ.டி. அது. லப்டப் லப்டப் என்று ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. எங்காவது ஒரு லூப்பில் மாட்டிக்கொண்டு சுற்றியிருந்தால் கொதித்திருக்கும். நாடி இருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஆள் மட்டும் எழுந்திருக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன வியாதி என்று கெர்னல்காரர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். உள்ளே யாரோ இரண்டு பேர், நீ எழுந்திருந்தால்தான் நான் எழுந்திருப்பேன் என்று தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

டெட்லாக். தமிழில் முட்டுக்கட்டை என்று சொல்லலாம், நல்ல வார்த்தைதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கையில் வைத்திருக்கக்கூடிய லாக்கைப் 'பூட்டு' என்று எழுதப்போனால் 'அடுத்த பூட்டில்' என்பது பூட் ஆவதா பூட்டுவதா என்று எனக்கே குழம்பிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க லாக் என்றே எழுதுகிறேன்.

சீரியல் கன்சோலில் பூட் செய்திகள் வழக்கம்போல ஓடி ஓரிடத்தில் நின்றிருந்தன. கடைசி வரியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு, ஒரு டாஸ்க் 120 நொடிகளுக்கு மேல் தடைபட்டுக் கிடக்கிறது என்கிற லினக்ஸின் வழக்கமான புலம்பல். எழுப்ப முடியாத தூக்கத்தில் ஏதாவது ஒரு டாஸ்க் அத்தனை நேரம் அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே கெர்னலுக்குள் ஒரு த்ரெட், தனியாக ஓடும் ஒரு வேலை, சுற்றிக்கொண்டிருக்கிறது. சீரியலில் பிரேக் அனுப்பி டபிள்யூ தட்டினேன். சிஸ்ரிக்யூ என்கிற அந்தப் பழைய புழக்கடை வழியாகப் போனால், தடைபட்டுக் கிடக்கிற எல்லாருடைய ஸ்டேக்கும், எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்து நிற்கிறார்கள் என்ற தடம், வரும். இரண்டு வந்தன.

முதலாவது, பூட்டை நடத்திக்கொண்டிருந்த முதல் த்ரெட்டேதான். பூட் முடியப்போகிற நேரத்தில் லினக்ஸ் ஒரு கடைசிச் சுற்று வரும். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் கிளம்பிய பிறகு ஒருவர் அறை அறையாகப் போய் ஃபேனையும் லைட்டையும் அணைப்பாரே, அதுபோல எந்த டிரைவரும் (ஒரு சாதனத்தை இயக்கும் கோடு) கேட்காத கிளாக்குகளை (சிப்பின் பகுதிகளை ஓட்டுகிற மின்துடிப்புகள்) ஒவ்வொன்றாகப் பார்த்து அணைக்கும். ஒரு பூட்டுக்கு ஒரே தடவைதான். இரண்டாவது, எஸ்டி கார்டு ஸ்லாட்டைப் பார்த்துக்கொள்ளும் வொர்க்கர் த்ரெட். ஸ்லாட்டில் கார்டு இல்லை என்று கண்டுபிடித்து அதன் கரண்டை நிறுத்தப் போயிருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகள். இரண்டுமே சிக்கனத்துக்காகச் செய்கிற நல்ல வேலைகள்.

சம்பந்தம் போர்டில் இருந்தது. பிமிக் என்று நாங்கள் சொல்லும் பவர் சிப் ஒன்று உண்டு. பிராசசருக்கும் மெமரிக்கும் கார்டு ஸ்லாட்டுக்கும் வேண்டிய வோல்டேஜ்களைப் பிரித்துக் கொடுப்பது அதன் முக்கிய வேலை. கூடவே 32 கிலோஹெர்ட்ஸ் கிளாக் ஒன்றையும் வெளியே அனுப்பும். இந்தச் சிப்போடு பிராசசர் பேசுவது ஐ2சி என்கிற இரண்டே கம்பிகள் வழியாக. அந்தக் கம்பிகளை ஆட்டுவிக்கிற கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அது ஓட அதற்கும் ஒரு கிளாக் வேண்டும். சும்மா இருக்கும்போது எதற்குக் கரண்ட் தின்ன வேண்டும் என்று, பேச்சு தொடங்கும்போது கிளாக்கைப் போட்டு, முடிந்ததும் அணைக்கும்படி கன்ட்ரோலர் டிரைவரை எழுதியிருந்தார்கள்.

இனி லாக்குகள். பிமிக்கின் ரெஜிஸ்டர்களை, அதன் அமைப்புகள் இருக்கும் சின்ன நினைவிடங்களை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பக்கூடாது என்பதற்காக ரெஜ்மேப் என்கிற அடுக்கு ஒரு மியூடெக்ஸ் (கிடைக்கும்வரை தூங்கிக் காத்திருக்கும் வகை லாக்) வைத்திருக்கிறது. லினக்ஸின் கிளாக் அடுக்கு இன்னொரு மியூடெக்ஸ் வைத்திருக்கிறது, மொத்த சிஸ்டத்துக்கும் ஒன்றே ஒன்று. எந்தக் கிளாக்கைத் 'தயார்' செய்வதென்றாலும் அதை எடுத்தாக வேண்டும்.

கார்டு ஸ்லாட் த்ரெட் என்ன செய்தது? ஸ்லாட்டுக்கு வோல்டேஜ் தரும் ரெகுலேட்டரை அணை என்றது, அது பிமிக்கின் ரெஜ்மேப் லாக்கை எடுத்தது. எடுத்துக்கொண்டு ஐ2சியில் பேசப் போனது. கன்ட்ரோலர் டிரைவர், இரு, என் கிளாக்கைத் தயார்செய்கிறேன் என்று கிளாக் லாக்கைக் கேட்டது. அது ஏற்கெனவே பூட் த்ரெட்டின் கையில். பூட் த்ரெட் அந்த லாக்கைப் பிடித்துக்கொண்டு கிளாக் கிளாக்காகச் சுற்றிவந்து பிமிக்கின் 32 கிலோஹெர்ட்ஸில் நின்றிருந்தது. அது ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள பிமிக்கின் ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். படிக்க ரெஜ்மேப் லாக் வேண்டும். அது கார்டு ஸ்லாட் த்ரெட்டின் கையில். அவ்வளவுதான். மில்லி செகண்டில் கொஞ்சம் முன்பின்னாக நடந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அப்படி முன்பின்னாக நடந்ததால்தான் மற்ற ராத்திரிகளில் பன்னிரண்டு போர்டும் ஒழுங்காக எழுந்தன.

இதில் யார் மேல் தப்பு? அன்று மத்தியானம் மீட்டிங்கில் இதைத்தான் கேட்டார்கள். ரெஜ்மேப் கோடைத் தனியாகப் படித்தால் சரி. கிளாக் கோடு சரி. ஐ2சி டிரைவர் சரி மட்டுமா, கரண்டை மிச்சம் பிடிக்கிற பொறுப்பான பிள்ளை. கார்டு டிரைவருக்கு ஐ2சி என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாலு பேர் நாலு வருடங்களில் நாலு ஊர்களில் எழுதிய கோடு. நாலையும் ஒரே போர்டில் சாலிடர் செய்தது நாங்கள்.

எங்கள் குறையைக் கண்டுபிடித்த பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. தேடிப் பார்த்தால் லினக்ஸின் எஸ்3சி2410 என்கிற, சாம்சங் சிப்புகளுக்கான ஐ2சி டிரைவரில் அச்சு அசலாக இதே முட்டுக்கட்டையை 2015இலேயே சரிசெய்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தோடு எழுதிய குறிப்பில் இரண்டு சிபியுக்களை இரண்டு பத்தியாகப் பிரித்துப் படம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் உபயோகமில்லாத கிளாக்கை அணைக்கிற வேலை, மறுபக்கம் ரெகுலேட்டரை அணைக்கிற வேலை. என் நோட்டுப் புத்தகத்தில் காலையில் நான் கிறுக்கியிருந்த அதே படம். எங்கள் சிப் வேறு, அதன் டிரைவரை வேறு யாரோ முதலிலிருந்து எழுதியிருந்தார்கள். அதனால் அந்தத் திருத்தம் எங்களுக்கு வந்துசேரவில்லை. 2024இல் என்எக்ஸ்பி சிப்புகளின் எல்பிஐ2சி டிரைவரிலும் இதன் தம்பி ஒன்று பிடிபட்டது. அங்கே கிளாக்கைத் தயார்கூடச் செய்யவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் கிளாக்கின் வேகம் என்ன என்று கேட்டது, அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கும் அதே லாக் வேண்டும். ஐ2சியில் தொங்குகிற ஆடியோ கோடெக் ஒன்று தானும் ஒரு கிளாக் தருவேன் என்று பதிவுசெய்ய வந்தபோது மாட்டிக்கொண்டது. வேகத்தை ஒருமுறை கேட்டுக் குறித்துவைத்துக்கொள் என்று திருத்தினார்கள். அதற்குப் பாதுகாப்புக் குறை என்று சிவிஈ எண்கூட விழுந்தது.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் டெட்லாக் ஒரு தனி அத்தியாயம். 1971இல் காஃப்மனும் அவருடைய சகாக்களும் எழுதிய நாலு நிபந்தனைகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதாதவர்கள் நம்மில் குறைவு: ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான், கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பது, பிடுங்க முடியாது, வட்டமாகக் காத்திருப்பது. இந்த நாலில் ஒன்றை உடைத்தால் போதும். பாடப்புத்தகம் பொதுவாக நாலாவதை உடைக்கச் சொல்லும். லாக்குகளுக்கு ஒரு வரிசை வை, எல்லாரும் அந்த வரிசையிலேயே எடு, வட்டம் வராது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஃபைல் சிஸ்டம் போல மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்குகிற இடங்களில் இது நடக்கவும் செய்கிறது. டிரைவர்களில் எது மேல், எது கீழ்? கிளாக் கீழ் என்றால், ஐ2சி அதன் மேல் நிற்கிறது. அந்த ஐ2சியில் தொங்குகிற பிமிக் தானும் ஒரு கிளாக் தருகிறது, அது ஐ2சிக்கும் மேலே. ஆக கிளாக் என்கிற ஒரே அடுக்கு ஐ2சிக்குக் கீழேயும் இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. வட்டம் கோடில் பிறக்கவில்லை, போர்டின் வயரிங்கிலேயே கிடக்கிறது. நிஜத்தில் அந்த இரண்டு கிளாக்குகளும் வேறு வேறு, மின்சாரத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எல்லாக் கிளாக்குக்கும் சேர்த்து ஒரே லாக் என்று நாம் வைத்தபோதுதான் குழப்பம் வந்தது.

ஒரே லாக் என்றதும் பழையவர்களுக்குப் பிக் கெர்னல் லாக் ஞாபகம் வரும். 1996இல் லினக்ஸ் 2.0 ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்களில் ஓடத் தொடங்கியபோது மொத்த கெர்னலுக்கும் போட்ட ஒற்றை லாக். அதை முழுக்கப் பிடுங்கி எறிய 2011 வரை ஆனது. அதைப் பற்றி எல்லாரும் திட்டித்தான் எழுதுவார்கள். ஆனால் அதற்கு ஒரு விசித்திரமான நல்ல குணம் இருந்தது. அதை வைத்திருக்கிற டாஸ்க் தூங்கப்போனால் லாக் தானாகக் கைநழுவும், எழுந்ததும் தானாகத் திரும்ப வரும். அதனால் அதை வைத்துக்கொண்டு தூங்கி ஊரை நிறுத்திவைப்பது கஷ்டம். அதை எடுத்துவிட்டுச் சாதாரண மியூடெக்ஸ் போட்ட இடங்களில் அதுவரை ஒளிந்திருந்த முட்டுக்கட்டைகள் வெளியே வந்தன. பெரிய லாக்கை ஒழித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம். கிளாக்குக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று ஜமீன் ஒழிந்த ஊரில் சின்னச் சின்னப் பண்ணைகள் முளைத்த கதையாகத்தான் எனக்குத் தெரிகிறது.

இத்தனை நாள் லாக்டெப் என்ன செய்துகொண்டிருந்தது? என்னை உண்மையில் உறுத்திய கேள்வி இதுதான்.

லாக்டெப் என்பது 2006இல் இங்கோ மோல்நாரும் அர்ஜன் வான் டி வெனும் லினக்ஸுக்குக் கொண்டுவந்த காவல்காரன், 2.6.18இல் சேர்ந்தது. அதன் அழகு, விபத்து நடக்கும்வரை அது காத்திருக்காது என்பதில் இருக்கிறது. ஏ-யை வைத்துக்கொண்டு பி-யை எடுத்தாய் என்று ஒரு தடவை பார்த்தால் எழுதிவைத்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்து வேறு யாரோ பி-யை வைத்துக்கொண்டு ஏ-யைக் கேட்டால், அந்த நேரத்தில் போட்டியே இல்லாவிட்டாலும், இது ஒரு நாள் மாட்டும் என்று கத்தும். அதுவும் ஒவ்வொரு லாக்காக இல்லாமல் இன்ன வகை லாக் என்று வகைப்படுத்திக் கணக்கு வைக்கும். ஆயிரம் இனோட்களுக்கும் (ஃபைல்களின் விவரக் குறிப்புகள்) ஆயிரம் லாக் இருக்கலாம், அதற்கு அது ஒரே ஜாதிதான். ராத்திரி ரேக்கில் ஓடியது லாக்டெப் இல்லாத கெர்னல், வாடிக்கையாளருக்குப் போவது அதுதான் என்பதால். எங்கள் மேஜைகளில் ஓடியது லாக்டெப் போட்ட கெர்னல். அதில் மாதக்கணக்காக ஒரு முணுமுணுப்பும் இல்லை. இரண்டு வரிசைகளும் ஒவ்வொரு பூட்டிலும் நடக்கின்றன. அது எப்படிப் பார்க்காமல் போகும்?

கிளாக் லாக்கை எடுக்கிற அந்தச் சின்ன ஃபங்ஷனைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரு கிளாக்கின் டிரைவர் தன் வேலைக்காக இன்னொரு கிளாக்கைக் கேட்கலாம், அப்போது ஒரே த்ரெட் அதே லாக்கை இரண்டாவது தடவை கேட்கும். 2013இல் இதற்கு இடம் கொடுத்தார்கள். எப்படியென்றால், முதலில் சும்மா முயன்று பார், கிடைத்தால் எடுத்துக்கொள். கிடைக்காவிட்டால், வைத்திருப்பது நானேதானா என்று பார், நானேதான் என்றால் எண்ணிக்கையை ஒன்று கூட்டு. வேறு யாராவது என்றால் மட்டும் முறையாக வரிசையில் நின்று காத்திரு.

இதில் 'சும்மா முயன்று பார்' என்பதுதான் லாக்டெப்பின் கண்ணை மறைத்தது. முயன்று பார்த்து எடுக்கிற லாக்கால் யாரும் காத்திருக்கப்போவதில்லை, கிடைக்காவிட்டால் திரும்பிவிடுவார்கள். ஆகவே அப்படி எடுக்கும்போது, எதை வைத்துக்கொண்டு இதை எடுத்தாய் என்ற குறிப்பை லாக்டெப் எழுதுவதில்லை. நியாயமான விதிதான். ஆனால் இங்கே முயற்சி தோற்றால் திரும்பிப் போகப்போவதில்லை, காத்திருக்கத்தான் போகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை முதல் முயற்சியே ஜெயிப்பதால், ரெஜ்மேப்பை வைத்துக்கொண்டு கிளாக்கைக் கேட்டான் என்ற பாதிக் கதை ஏட்டில் ஏறவே இல்லை. மறு பாதி மட்டும் ஏறியது. நிஜமாக மோதுகிற அந்த ஒரு தடவை மட்டும் ஏறும். அப்போது லாக்டெப் கத்தும், ஆனால் அதற்குள் இரண்டு பேரும் படுத்துவிட்டிருப்பார்கள். முன்னறிவிப்பு தரவேண்டியவன் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் தருகிறான்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள என் மேஜைக் கெர்னலில் மூன்று வரி சேர்த்தேன். அந்த ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும், லாக் ஏற்கெனவே என் கையில் இல்லையென்றால், இங்கே இந்த லாக்குக்காகக் காத்திருக்க நேரலாம் என்று லாக்டெப்பிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது. அதற்கென்றே கெர்னலில் வசதி உண்டு. ரீபூட் செய்தேன். நாலு செகண்ட் ஆகவில்லை, வட்டமாகக் காத்திருக்க வாய்ப்பு உண்டு என்று திரை நிறையக் கொட்டியது. போர்டு தொங்கவே இல்லை, ஒழுங்காக லாகினுக்கும் வந்தது. மூன்று வாரமாக ரேக் தேடியதை மூன்று வரி சொல்லிவிட்டது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

டிரைவர்காரர்கள் அடிக்கடி விழுகிற மற்ற குழிகளும் உண்டு. ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் வகை லாக்) வைத்திருக்கும்போது அதே லாக்கைக் கேட்கிற இன்டரப்ட் அதே சிபியுவில் வந்து விழுவது எல்லாரும் முதல் வருடத்திலேயே பட்டுத் தெரிந்துகொள்வது, விட்டுவிடலாம். யூசர் மெமரியிலிருந்து நகல் எடுப்பது கொஞ்சம் நயவஞ்சகமானது. டிரைவர் தன் லாக்கை வைத்துக்கொண்டு நகல் எடுக்கும், அந்த மெமரிப் பக்கம் (பேஜ்) அப்போது உள்ளே இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் வரும், ஃபால்ட் அந்தப் பிராசஸின் மெமரி வரைபட லாக்கைக் கேட்கும். இன்னொரு த்ரெட் எம்மேப் (டிரைவரின் மெமரியைத் தன் வரைபடத்தில் சேர்ப்பது) செய்துகொண்டிருந்தால் அந்த லாக்கை வைத்துக்கொண்டு டிரைவரின் லாக்கைக் கேட்கும். பக்கம் எப்போதும் மெமரியில் இருப்பதால் டெஸ்டில் வரவே வராது. மெமரி நெருக்கடியான ஒரு வாடிக்கையாளர் வீட்டில் வரும்.

லாக்கே இல்லாமல் லாக் ஆவது இன்னும் மோசம். நெட்வொர்க் டிரைவர்களில் இது பழைய கதை. இன்டர்ஃபேஸை டவுன் செய்யச் சொன்னால் கெர்னல் ஆர்டிஎன்எல் என்கிற பொது லாக்கை எடுத்துக்கொண்டுதான் டிரைவரை 'நிறுத்து' என்று கூப்பிடும். டிரைவர், பின்னணியில் ஓடுகிற என் ரீசெட் வேலை முடியட்டும் என்று அதற்காக நிற்கும். அந்த ரீசெட் வேலையின் முதல் வரி, ஆர்டிஎன்எல்லை எடு என்பது. லாக் ஒன்றுதான். ஒருவர் லாக்குக்காகக் காத்திருக்கிறார், இன்னொருவர் ஒரு வேலை முடிவதற்காகக் காத்திருக்கிறார். இப்படிப்பட்ட பின்னணி வேலைகள் நிற்கும் வொர்க்கியூக்களுக்கு ஒரு பொய் லாக்கைக் கற்பித்து, வேலை ஓடும்போது அதை எடுத்ததாகவும், காத்திருப்பவர் அதைக் கேட்டதாகவும் கணக்கு எழுதி லாக்டெப்புக்கு இதைப் புரியவைத்தார்கள். நான் பார்த்த கெர்னல் தந்திரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. எல்லாவிதக் காத்திருப்பையும் இப்படித் தானாகப் பிடித்துவிடலாம் என்று லினக்ஸ் 4.14இல் ஒரு பெரிய முயற்சியைச் சேர்த்தார்கள். பொய் அலாரம் தாங்க முடியாமல் அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள்.

வரிசை வைக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு, கிராஃபிக்ஸ். கேமரா நிரப்பிய பஃபரை (படம் இருக்கும் மெமரித் துண்டு) ஜிபியு எடுத்து வரையும், டிஸ்ப்ளே காட்டும். மூன்றும் மூன்று டிரைவர். எந்தெந்த பஃபர், எந்த வரிசையில் என்பதை அப்ளிகேஷன் முடிவுசெய்கிறது. பட்டியலை முகவரிப்படி அடுக்கிக்கொள்ளலாமே என்றால், பாதி வழியில் மெமரி போதாமல் வேறொரு பஃபரை வெளியேற்ற வேண்டிவரும், அது பட்டியலிலேயே இருக்காது. இங்கே காஃப்மனின் மூன்றாவது நிபந்தனையில் கை வைத்தார்கள்: பிடுங்கலாம்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் இரண்டு பஸ் நேருக்கு நேர் வந்தால், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். யார் அவசரக்காரர், யாருக்கு ரிவர்ஸ் எடுப்பது சுலபம் என்ற பேச்சே கிடையாது. 2013இல் 3.11 பதிப்பில் வந்த வூண்ட்-வெயிட் மியூடெக்ஸும் இதேதான். வேலையைத் தொடங்கும்போது ஒரு டோக்கன் எண் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு பேர் மோதினால் பின்னால் டோக்கன் வாங்கியவர் தன் கையில் இருக்கிற எல்லா லாக்கையும் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கி, வழி கிடைத்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டோக்கன் மட்டும் பழையதுதான், அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மூத்தவராகிக்கொண்டே போவார், காலமெல்லாம் ரிவர்ஸிலேயே இருக்கமாட்டார். டேட்டாபேஸ்காரர்கள் 1978லேயே எழுதிவைத்த உபாயம் இது. கிராஃபிக்ஸுக்காக வந்ததை 2018இன் கடைசியில் ரெகுலேட்டர் அடுக்கும் எடுத்துக்கொண்டது, ஒன்றோடொன்று பிணைந்த வோல்டேஜ்களை லாக் செய்வதற்காக.

அதே கிராஃபிக்ஸில் ஃபென்ஸ் என்று ஒன்று உண்டு, ஜிபியு இந்த வேலையை முடித்துவிட்டது என்று சொல்கிற கொடி. அந்தக் கொடியைத் தூக்க வேண்டிய டிரைவர் கோடு வழியில் கொஞ்சம் மெமரி கேட்டால், மெமரி இல்லையென்று கெர்னல் யாரையாவது காலிசெய்யப் போகும், காலிசெய்ய வேண்டியவர் ஜிபியு முடிக்கட்டும் என்று அந்தக் கொடிக்காகவே காத்திருப்பார். ஒரு சாதாரண மெமரி கோரிக்கை, அவ்வளவுதான். 2020இல் ஃபென்ஸ்களுக்கும் லாக்டெப் குறிப்புகள் வந்தன. அதற்குப் பிறகு தங்கள் டிரைவரில் அதை இயக்கிப் பார்த்த பலருக்கு அன்றைய தினம் நல்ல தினமாக இருந்திருக்காது.

சரி, ஏழாம் நம்பர் போர்டுக்கு வருவோம். டோக்கன் எல்லாம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. லினக்ஸ் கிளாக்கில் இரண்டு படி உண்டு: தயார்செய்வது, போடுவது. தயார்செய்வதற்கு நேரம் ஆகலாம், தூங்கலாம், அதனால்தான் அந்தப் பெரிய மியூடெக்ஸ். போடுவது நொடியில் முடிகிற காரியம், அதற்கு ஒரு ஸ்பின்லாக் போதும். 2015 திருத்தத்தில் செய்ததையே நாங்களும் செய்தோம். ஐ2சி டிரைவர் எழும்போதே கிளாக்கை ஒருமுறை தயார்செய்து அப்படியே வைத்துவிடுவது, ஒவ்வொரு பேச்சுக்கும் போட்டு அணைப்பது மட்டும். கன்ட்ரோலரின் கிளாக் வெறும் ஒரு கேட், துடிப்பைத் திறந்து மூடும் கதவு, என்பதால் கரண்ட் கணக்கில் மீட்டரில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. யார் எந்த லாக்கை வைத்துக்கொண்டு ஐ2சியிடம் வருகிறார்கள் என்று ஐ2சி டிரைவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதனால் அது பேசுகிற நேரத்தில் வெளியாரிடம் போய் எதையும் கேட்காமல் இருப்பதுதான் உத்தமம். வரிசையைப் பற்றி ஒயிட்போர்டில் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். கையில் எதையாவது வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாதே என்பதை மட்டும்தான் நான் இப்போது ரிவ்யூவில் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

மாற்றம் மொத்தம் ஆறு வரி. ரேக் இரண்டு வாரம் ஓடியது, பன்னிரண்டும் எழுந்தன, தம்பி ஏழாம் நம்பரில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பைக் கிழித்துப் போட்டான்.

ஏழெட்டு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்த ஃபைலுக்கு ஒரு பேட்ச் அனுப்பினாள். தயார்செய்வதையும் போடுவதையும் சேர்த்துச் செய்ய ஒரே ஃபங்ஷன் இருக்கும்போது எதற்கு இரண்டு இடத்தில் பிரித்து எழுதியிருக்கிறீர்கள், ஒன்றாக்கிவிட்டேன், நாலு வரி மிச்சம் என்று. கோடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. டெஸ்டிலும் தேறியிருந்தது. கூடாது என்றேன். "ஏன் சார்?" என்று கேட்டாள். நான் எழுதிவைத்திருந்த குறிப்பைப் போய்ப் பார்த்தேன்: 'இதை மாற்ற வேண்டாம்'. அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அவளையே பக்கத்தில் உட்காரவைத்து, பழைய நோட்டைத் தேடி எடுத்து, இரண்டு பத்திப் படத்தைக் கமென்ட்டில் ஏற்றினோம். இடது பக்கம் பூட் த்ரெட், வலது பக்கம் கார்டு ஸ்லாட். இப்போது அந்த இடத்தில் பத்தொன்பது வரிக் குறிப்பு இருக்கிறது. அதற்குக் கீழே கோடு ஒரே வரி.